நீர்த்த உறை

கோரைத்துறை விழுங்கி நிலையத்தில் காலை எட்டு மணிக்கே வரிசை கட்டி நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் தெளிந்த தண்ணீர் போல ஏதோ ஒன்று. விருந்தாளி வந்திருக்கும் நேரத்தில் பால் திரிந்துபோனால் வருமே ஒரு கூச்சம், அது எல்லார் முகத்திலும் இருந்தது.

எப்சிபா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். குப்பிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அது நீர்த்த உறை. பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதி, அதற்கு நேரே 'நீர்த்தது, கொட்டப்பட்டது' என்று எழுதுவாள். குப்பி நீலக் கூடைக்குப் போகும். பதிலுக்கு நிலையத்துக் குளிர்பெட்டியிலிருந்து மோர் போலக் கலங்கிய உறை ஒரு கரண்டி கிடைக்கும். வாங்கிக்கொண்டவள் முகம் தெளிந்து வீட்டுக்குப் போவாள். பதினொரு மணிக்கு எப்சிபா நீலக் கூடையை அப்படியே பிளீச்சிங் தண்ணீருக்குள் இறக்குவாள். பதினான்கு மாதமாக அவளுக்கு இதுதான் வேலை.

ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வேலை செய்யாமல் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிருமிகள் எல்லா மாத்திரைக்கும் பழகிவிட்டன. அதன் பிறகுதான் வைத்தியர்கள் கிருமிகளின் பரம எதிரியைத் தேடிப் போனார்கள். பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ் அது. மனிதனைச் சீண்டாது. தனக்கென்று விதித்த கிருமியின் மேல் போய் ஒட்டும், தன் மரபிழையை அதற்குள் செலுத்தும், அதன் உடம்பையே பட்டறையாக்கித் தன்னைப் போல் நூறு வைரஸ்களைச் செய்யவைக்கும், கடைசியில் கிருமியை வெடிக்கச் செய்து வெளியே வரும். பாடப்புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. ஊரில் விழுங்கி என்றார்கள்.

கோரைத்துறை உப்பள ஊர். பாத்திக்குள் நாள் முழுக்க நிற்கும் கால்களில் வெடிப்பு வரும், வெடிப்பில் சீழ்க்கிருமி ஏறும். ஆகவே வீட்டுக்கு ஒரு உறைப்பெட்டியை அரசு கொடுத்திருந்தது. டிபன் பாக்ஸ் அளவு, உள்ளே இளஞ்சூடு. அதில் சீழ்க்கிருமியின் நோய் செய்யத் தெரியாத தம்பி ஒன்றைக் கஞ்சியில் வளர்ப்பார்கள். சாதுக்கிருமி என்று அதற்குப் பெயர். விழுங்கிகளுக்கு அதுதான் தீனி. தினமும் பழைய கஞ்சியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் புதுக் கஞ்சியில் விட்டால் விழுங்கி அழியாமல் பெருகிக்கொண்டே இருக்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். அதனால் சொல்லிக்கொடுக்க அரசுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. ஊரிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் பாதி ஆண்களுக்கும் அது முன்பே தெரிந்த வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எப்சிபாவின் கை வேலை செய்துகொண்டிருந்ததே தவிர மனம் அடுத்த கட்டடத்தில் இருந்தது. நிலையத்தை ஒட்டிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டின் ஏழாம் கட்டிலில் அவளுடைய சித்தப்பா தவசிக்கனி படுத்திருந்தார். உப்பு வாரும் பலகை காலில் கீறி மூன்று வாரம் ஆகியிருந்தது. வலது பாதம் மினுமினுவென்று வீங்கி, கருத்து, கருப்பு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான்கு தவணை உறை கொடுத்தாயிற்று. அதுவும் சாதாரண உறை இல்லை, மரக்குடித் தெரு ரோஸ்லினின் உறை. எட்டு வருடமாக ஒரு நாள்கூடக் கெடாத உறை. கரண்டியை நட்டால் சாயாது என்று ஊர் சொல்லும். அப்படியும் கால் கேட்கவில்லை. திங்கட்கிழமை டாக்டர் சங்கரவடிவு தேதி குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது.

சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, ஒரு காலோடு பாத்திக்குள் இறங்கினால் உப்பு பாதிதான் வாரமுடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். எப்சிபாவின் அப்பா இறந்த பிறகு அவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய உப்பு அது.

*

எப்சிபா மாலை நேர வகுப்பில் நுண்ணுயிரியல் பட்டயம் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். வகுப்பில் இருபது பேர், எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். நாள்தோறும் செய்ததை நாட்குறிப்பில் எழுதவேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அரைப்பக்கம் எழுதினால் எப்சிபா நான்கு பக்கம் எழுதுவாள். எத்தனை மணிக்குக் கை கழுவினாள் என்பதுகூட இருக்கும். தான் எங்காவது தப்புச் செய்திருப்போம், அது எங்கே என்று பிறகு தேடவேண்டியிருக்கும் என்பது அவளுடைய நிலையான நம்பிக்கை.

அந்த வாரச் செய்முறை எளிமையானது. ஒரு கிருமியும் இரண்டு உறைகளும் கொண்டுவர வேண்டும், ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே இரண்டையும் சொட்டு வைத்து, மறுநாள் வித்தியாசத்தைப் பார்க்கவேண்டும். நிலையத்தில் இதையெல்லாம் யாரும் செய்வதில்லை. அங்கே இணைகாணி என்ற இயந்திரம் இருந்தது. ஒரு பக்கம் நோயாளியின் சீழையும் மறுபக்கம் உறையையும் வைத்தால் பத்தே நிமிடத்தில் விளக்கு எரியும். பச்சை என்றால் பொருத்தம், சிவப்பு என்றால் இல்லை. கல்லூரிக்கு இணைகாணி வாங்க வசதி இல்லாததால், கடற்பாசியை வேகவைத்து எடுத்த களியைத் தட்டில் ஊற்றி ஒரு நாள் காத்திருக்கும் பழைய முறையே அங்கே இன்னும் நடந்தது.

கிருமிக்கு எப்சிபா சித்தப்பாவின் காலிலிருந்து எடுத்த சீழ் மாதிரியில் மிச்சமிருந்ததை டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்தாள். நல்ல உறைக்கு ரோஸ்லினுடையது. கெட்ட உறைக்கு, காலையில் நீலக் கூடைக்குப் போகவிருந்த ஒரு குப்பி.

புதன்கிழமை மாலை தட்டைத் திறந்தாள். பழுப்பு நிறத்தில் கிருமி ஆடை போலப் படர்ந்திருந்தது. ரோஸ்லின் உறை விழுந்த இடத்தில் லேசான மங்கல், கண்ணாடியில் மூச்சு விட்டது போல. கெட்ட உறை விழுந்த இடத்தில் ஒரு வட்டம், ஓட்டையாகத் துளைத்து எடுத்தது போல அத்தனை சுத்தம். ஒரு கிருமி மிச்சமில்லை.

சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டோம் என்று அவளுக்கு உடனே தோன்றியது. நாட்குறிப்பைப் புரட்டினாள். மாற்றி ஒட்டவில்லை. அப்படியானால் குப்பியை மாற்றி எடுத்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த காதர் மைதீன் எட்டிப் பார்த்தான். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவன், வகுப்பில் எப்சிபாவைக் கிண்டல் செய்வதைத் தன் கடமையாகவே வைத்திருப்பவன்.

“என்னா, தட்டுல பேய் கீய் இருக்கா? இப்படி முழிக்கிற.”

அவள் சொன்னாள். அவன் இரண்டு வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நல்லாத்தானே இருக்கு. கெட்டது கொல்லுது, நல்லது சும்மா இருக்குது. எங்க சூப்பர்வைசர் கதைதான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய நீலக் கூடையை அவள் நல்லவேளையாக இன்னும் பிளீச்சிங்கில் இறக்கியிருக்கவில்லை. சித்தப்பாவைப் பார்க்க வார்டுக்கு ஓடியதில் மறந்துபோயிருந்தது. வேலையில் அவள் மறந்த முதல் காரியம் அது. கூடையில் பதினோரு குப்பிகள். காதரை நிலையத்துக்கு அனுப்பி எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி, பதினொன்றையும் ரோஸ்லின் உறையையும் சித்தப்பாவின் கிருமி மேல் சொட்டு வைத்தாள். ஒரே சோதனையை மூன்று தட்டுகளில் செய்தாள்.

வியாழக்கிழமை பொழுது விடிந்ததும் கல்லூரிக் காவலாளியைக் கெஞ்சி உள்ளே போய்ப் பார்த்தாள். மூன்று தட்டிலும் ரோஸ்லின் உறை மங்கலாகவே இருந்தது. பதினொன்றில் எட்டு ஒன்றும் செய்யவில்லை. அவை உண்மையிலேயே செத்துப்போன கஞ்சி. மற்ற மூன்றும் துளைத்திருந்தன, மூன்று தட்டிலும் அதே மூன்று.

வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்ற காதரிடம், எங்கோ நான் தப்புப் பண்ணியிருக்கிறேன் என்றாள்.

“ஏ, மூணு தட்டுலயும் ஒரே எடத்துல ஒரே மாதிரி தப்புப் பண்றதுக்கு ரொம்பத் திறமை வேணும். உங்கிட்ட அது கெடையாது. போயி டாக்டர்ட்ட சொல்லு.”

*

சொல்லப் போகும் முன் எப்சிபா நிலையத்து வாசலில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாடக்குறிப்பைப் படித்தாள். வகுப்பில் ஒரு முறை கேட்டு எழுதிக்கொண்டு, தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்ட பகுதி அது.

கிருமிக்குள் நுழைந்த விழுங்கிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பெருகி வெடித்து வெளியே வருவது. இன்னொன்று, தன் மரபிழையைக் கிருமியின் மரபிழைக்குள் செருகிவிட்டுத் தூங்கிப்போவது. தூங்கும் விழுங்கியைச் சுமக்கும் கிருமி சாகாது. பிள்ளை பெற்றுப் பெருகும், பிள்ளைகளும் தூங்குகிற விழுங்கியோடே பிறக்கும். அதோடு முடியவில்லை. உள்ளே குடியிருப்பவன் தன் இனத்தில் இன்னொருவன் நுழைந்தால் அவனைத் தலையெடுக்க விடமாட்டான். எந்த வழி என்று விழுங்கி எப்படி முடிவு செய்கிறது? ஒவ்வொரு கிருமி தொற்றப்படும்போதும் ஒரு சின்னப் புரதத் துணுக்கு வெளியே கசியும். அந்தச் சேதித்துணுக்கு சுற்றிலும் நிறைந்திருந்தால், 'நம்மவர்கள் பெருகிவிட்டார்கள், இரை குறைந்துவிட்டது, இனிக் கொன்றால் நாமும் பட்டினி' என்று பொருள். அடுத்து வரும் விழுங்கி தூங்கப் போய்விடும்.

கொல்லுகிற உறையில் கிருமி வெடித்துக் கஞ்சி தெளிந்துவிடும். தூங்குகிற உறையில் கிருமி பெருகிக் கஞ்சி கெட்டியாகும். தயிர் பார்த்துப் பழகிய கண், தெளிந்ததைக் கெட்டது என்றும் கெட்டியானதை நல்லது என்றும் பிரித்தது. இத்தனை வருடமாக ஊரே ஒவ்வொரு நாளும் இருப்பதில் கெட்டியான கரண்டியைத் தேடி அடுத்த நாளுக்கு எடுத்து வைத்திருக்கிறது. மாட்டில் சாதுவான கன்றைப் பார்த்து வளர்ப்பது போல, கொல்லப் பிறந்த விழுங்கியைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துச் சாதுவாக்கியிருக்கிறார்கள். எங்காவது ஒரு வீட்டில் தூங்கத் தெரியாத முரட்டு விழுங்கி ஒன்று பிறந்து கஞ்சியைத் தெளியவைத்தால், அந்த வீட்டுக்காரி கூசிப்போய் அதை நிலையத்துக்குக் கொண்டுவருவாள்.

அதை வாங்கி, வீட்டு எண் குறித்து, கொட்டியது எப்சிபா.

பதிவேட்டைத் திறந்து எண்ணிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. திறக்கவில்லை. எழுந்து டாக்டரின் அறைக்குப் போனாள்.

சங்கரவடிவு நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர், காலையில் இரண்டு பேருக்குக் கால் எடுத்துவிட்டு வந்திருந்தார். எப்சிபா தட்டுகளை மேசையில் வைத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், தான் எத்தனை மணிக்குக் கை கழுவினாள் என்பதிலிருந்து தொடங்கினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பாதியில் நிறுத்திவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

“இணைகாணில பச்சை எரிஞ்சா என்ன அர்த்தம் டாக்டர்?”

“பொருந்துதுன்னு அர்த்தம். விழுங்கி கிருமிக்குள்ள போகுது.”

“உள்ள போயி என்ன செய்யுதுன்னு அது பாக்குமா?”

டாக்டர் ஒரு தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். மங்கலை வெகுநேரம் பார்த்தார். பிறகு துளையை.

“பத்து நிமிஷத்துல அது என்னத்தப் பாக்கும்” என்றார், தனக்குள் சொல்வது போல. “கதவத் தொறந்து உள்ள போனான்னு மட்டும் சொல்லுது. திருடனாப் போனானா, மாப்பிள்ளையாப் போனானான்னு நாம கேக்கவே இல்ல.”

பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் கூர்மையானவை. அந்த மூன்று குப்பிகளிலும் வேறு கிருமி கலந்திருக்காதா? நுண்வடிகட்டியில் இறக்கிவிட்டால் கிருமி மேலே நின்றுவிடும், விழுங்கி மட்டும் கீழே வரும் என்றாள் எப்சிபா. அப்படி வடித்தாலும் சேதித்துணுக்கு வந்துவிடுமே? அதைவிட நுண்ணிய சவ்வில் விழுங்கியை மேலே நிறுத்தித் துணுக்கைக் கழுவிவிடலாம் என்றாள். பாடத்தில் இல்லாத ஒன்றை அவள் தானாகச் சொன்னாள். ரோஸ்லின் உறையால் சித்தப்பாவின் காலில் இப்போது இருக்கும் கிருமிகளில் பாதி உள்ளே குடியிருப்பவனோடு இருக்குமே, அவன் இதைத் தடுக்கமாட்டானா? நான்கு தவணைக்குப் பிறகு எடுத்த சீழிலேயேதான் சோதித்தேன், தடுக்கவில்லை என்றாள்.

“சரி” என்றார் டாக்டர். “நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா நோயாளி சம்மதிக்கணும். அத நீ வாங்கு. எனக்கு இதெல்லாம் விளக்கத் தெரியாது.”

*

ஏழாம் கட்டிலுக்கு எப்சிபா போனபோது ரோஸ்லின் அங்கே ஐந்தாம் தவணையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி சுற்றிய குப்பி. காசு வாங்காமல், யாரும் கேட்காமல், வெயிலில் இரண்டு மைல் நடந்து கொண்டுவந்தது. எப்சிபாவால் அந்தத் துணியைப் பார்க்கவே முடியவில்லை. சித்தப்பாவிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

தவசிக்கனி நீலக்கூடைக் குப்பியை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, இது பச்சத் தண்ணில்லா?”

“தண்ணியா ஆனதுதான் சித்தப்பா மருந்து. கிருமி எல்லாம் செத்ததாலதான் தெளிஞ்சிருக்கு.”

“அப்ப ரோஸ்லின் கொண்டாந்தது?”

அவளுக்கு முந்தி ரோஸ்லினே பேசினாள். குரல் தட்டையாக இருந்தது.

“எங்கிட்ட நேராச் சொல்லு பிள்ள. என் உறை வெசமா?”

வெசம் இல்லை அக்கா, தூங்குகிறது என்றாள் எப்சிபா. ரோஸ்லின் கொஞ்ச நேரம் துணியின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் முன்பு முதன்முதலில் உறை வாங்கிய கதையை அவள் சொல்லத் தொடங்கியபோது, கோபமாக ஏதோ வரப்போகிறது என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள். வந்தது வேறு. முதல் வருடம் அவள் உறை ஓயாமல் நீர்த்துக்கொண்டே இருந்ததாம். தெருவே சிரித்ததாம். தவசிக்கனியின் மகன் காலில் ஆணி ஏறியபோது அந்த நீர்த்த உறையைத்தான் வெட்கப்பட்டுக்கொண்டே கொடுத்தாளாம். பையன் இரண்டே நாளில் எழுந்து ஓடினான். அதற்குப் பிறகுதான் அவள் கெட்டியான கரண்டியாகப் பார்த்துப் பார்த்து எடுக்கக் கற்றுக்கொண்டாள்.

“கெட்டியான பொறவு யாருக்குக் குணமாச்சுன்னு யோசிச்சுப் பாக்கேன்” என்றாள் ரோஸ்லின். “ஒருத்தர் பேரும் வரல. கேக்கவும் இல்லியே நான். உறை நல்லாருக்கான்னுதான் எல்லாரும் கேப்பாவ, கால் நல்லாருக்கான்னு நானும் கேக்கல.”

தவசிக்கனி அவளையும் குப்பியையும் பார்த்தார். பிறகு எப்சிபாவைப் பார்த்தார்.

“உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

நிச்சயம் என்ற சொல்லை எப்சிபா நாட்குறிப்பில் ஒரு முறைகூட எழுதியதில்லை. “தட்டுல மூணு தடவை பாத்தேன் சித்தப்பா. காலுல பாத்ததில்ல.”

“போதும்ட்டி” என்றார். “நிச்சயம்னு சொல்லிருந்தா வேண்டாம்னுருப்பேன். வெட்டுததுக்குத் தேதி குறிச்சவுகளும் நிச்சயம்னுதான சொன்னாவ.”

மூன்று குப்பிகளையும் வடித்துக் கழுவிக் கலந்த மருந்து பகல் ஒரு மணிக்குக் காலில் இறங்கியது. மாலை ஐந்துக்கு மறுபடியும். எப்சிபா வகுப்புக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டர் கட்டைப் பிரித்தார். கருப்பு நேற்றுப் பேனாவால் கோடு போட்ட இடத்திலேயே நின்றிருந்தது, ஒரு நூல்கூட மேலே ஏறவில்லை. சீழ் குறைந்திருந்தது. டாக்டர் மூக்கை அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். நாற்றமும் குறைந்திருந்தது. பத்து மணிக்குத் தியேட்டரிலிருந்து ஆள் வந்தபோது, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது. இரண்டு விரல்களை மட்டும் எடுத்தார்கள். எப்சிபா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்து, எத்தனை மணி என்று பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

*

அதற்குப் பிந்தைய இரண்டு மாதம் கோரைத்துறை விட்ட பெருமூச்சு கடல்வரை கேட்டிருக்கும். கெட்டி உறைகளையெல்லாம் கொட்டச் சொல்லி அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு வீடு தெளிந்த உறை போனது, கூடவே சேதித்துணுக்கைக் கழுவும் செய்திவடி என்ற சின்னக் கருவியும். அதைத் தீப்பெட்டி அளவில் செய்து கொடுத்தது எப்சிபாவின் கல்லூரிதான். எவ்வளவு பெருகினாலும் விழுங்கிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. இரை தீரும்வரை அது ஓயாது. ஆண்கள் வார்டில் பத்துக் கட்டில் காலியாயின. டாக்டர் சங்கரவடிவு ஒரு வாரம் விடுப்பு எடுத்தார், பல வருடத்தில் முதல் முறையாக. பாத்தியில் வேலை செய்கிறவர்கள் காலில் கீறல் பட்டால் இப்போது சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

மூன்றாம் மாதம் நிலையத்தில் மறுபடி வரிசை நின்றது. இந்த முறை குப்பிகள் எல்லாமே தெளிவாக இருந்தன, ஆனால் எதுவும் வேலை செய்யவில்லை. எப்சிபா வழக்கம்போலத் தன் தப்பைத் தேடினாள். தப்பு இல்லை, பசிதான் காரணம். செய்தி எட்டாத விழுங்கி உறைப்பெட்டியில் சாதுக்கிருமியைக் கடைசி ஒன்று வரை தின்று தீர்த்தது. இரை இல்லாமல், உப்பள ஊரின் வெக்கையில் சில வாரங்களில் தானும் சிதைந்துபோனது. புதிதாகச் சாதுக்கிருமி கொடுத்தால் பெருகியது. ஆனால் சாதுவையே தின்று பழகியது, உண்மையான சீழ்க்கிருமியின் மேல் ஒட்ட மறந்தது. அதன் கூர்மை மாறாமல் இருக்க உண்மையான எதிரிதான் வேண்டும். ஊரிலோ இப்போது சீழ்க்கிருமி கிடைப்பது அரிதாகிவிட்டது. புண்ணோடு வந்தவர் யாருமில்லை. பழைய மாதிரிகளையும், ஆபத்து என்று, அறிவிப்பு வந்த அன்றே பிளீச்சிங்கில் போட்டுவிட்டார்கள்.

ஒன்று மட்டும் தப்பியிருந்தது. கல்லூரிக் குளிர்பெட்டியில், செய்முறைத் தேர்வு முடியும்வரை எதையும் தூக்கிப்போட மனம் வராத ஒருத்தி சீட்டு ஒட்டி வைத்திருந்த தட்டு அது. தவசிக்கனியின் காலிலிருந்து எடுத்த கிருமி.

இப்போது நிலையத்தின் நடுவில் அதற்குத் தனி அறை. கண்ணாடிச் சுவர், இரட்டைக் கதவு, மின்சாரம் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். எப்சிபாவுக்குப் பதவி உயர்வு. கிருமிக் காப்பாளர் என்று பெயர்ப்பலகை. காலையும் மாலையும் புதுக் கஞ்சி ஊற்றவேண்டும். உள்ளே போகிறவர்கள் குளித்து, உடை மாற்றி, கை கழுவிப் போகவேண்டும். கிருமி தங்களைத் தொற்றிவிடக் கூடாதே என்பதற்காக அல்ல. யார் உடம்பிலாவது ஒட்டியிருக்கும் விழுங்கி ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் அறையிலுள்ள கிருமி மொத்தமும் ஒரே இரவில் செத்துப்போகும், அதனோடு ஊருக்கு மருந்தும் போய்விடும் என்பதற்காக. கதவில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'மருந்துடன் உள்ளே வரக் கூடாது.' மாதம் ஒருமுறை தெருவுக்கு ஒருவர் வந்து, தங்கள் உறையின் கூர்மை மங்காமலிருக்க, மூடிய குப்பியில் நான்கு சொட்டு நோய் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்கள். மரக்குடித் தெருவுக்கு ரோஸ்லின்தான் வருவாள். இந்த முறை, யார் யார் கால் குணமாயிற்று என்று எழுத ஒரு நோட்டுப் போட்டிருந்தாள்.

ஒரு மாலை தவசிக்கனி வந்தார். எட்டு விரலோடு, லேசாகச் சாய்ந்து, ஆனால் கம்பு இல்லாமல் நடந்து வந்தார். அந்தப் பயலைப் பார்க்கவேண்டும் என்றார். எப்சிபா அவரைக் கதவுக்கு இந்தப் பக்கமே நிறுத்தினாள்.

“நீங்க உள்ள வரவே கூடாது சித்தப்பா. ஊர்லயே உங்க காலுலதான் விழுங்கி அதிகம். நீங்க பக்கத்துல போனாலே அது செத்துரும்.”

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். “ஆறு மாசத்துக்கு முன்னால நான் அவனுக்குப் பயந்தேன்.”

கண்ணாடிக்கு அப்பால் வரிசையாகக் குடுவைகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தது கலங்கலாக, கெட்டியாக, ஆரோக்கியமாக இருந்தது. தவசிக்கனி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் உறவுக்காரனைப் பார்க்க வந்தவர் போல நெடுநேரம் நின்றார். ஜெனரேட்டர் சரியாக ஓடுகிறதா, மழைக்காலத்தில் குளிர் தாங்குமா என்றெல்லாம் விசாரித்தார். இரண்டு விரலைத் தின்றவன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில் ஒரு கணம் நின்று திரும்பினார்.

“சாப்பிட்டானா?”

எப்சிபா பதிவேட்டைப் பார்த்தாள்.

“ஆறு மணிக்குக் குடுத்தாச்சு சித்தப்பா. நல்லாச் சாப்பிட்டான்.”